பார்த்தவர் எத்தனை? திரும்பி வந்தவர் எத்தனை?

(‘சிறுதொழில் செய்வோரை உயர்த்துவது சமூக ஊடகமா? மனித உறவா?’ என்ற தலைப்பில் வடமதுரையில் நடைபெற்ற பட்டிமன்றத்தில், ‘மனித உறவே’ என்ற அணியில் பேசியது.)

பேசி முடித்த கையோடு ‘எத்தனை பேர் லைக் போட்டிருக்காங்க’ என்று கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) வடமதுரைப் பெருமக்களே!

இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தலைப்புக்கு வரணும். ஆண்டாள் நாச்சியார் பாட்டிலே வடமதுரை வருகிறது. அது யமுனைக் கரையிலே இருக்கிற மதுரா. உங்க வடமதுரை திண்டுக்கல்லில் இருந்து திருச்சிக்குப் போகிற சாலையிலே இருக்கிற வடமதுரை. அங்கே கண்ணன் பிறந்தான். இங்கே சௌந்தரராஜப் பெருமாளாக வந்து நிற்கிறான். பேரு ஒண்ணு, ஊரு ரெண்டு. ஊருக்குப் பேரு ஒண்ணாக இருந்தால் தபால்தான் மாறிப் போகும். கடைக்குப் பேரு ஒண்ணாக இருந்தால் பொழைப்பே மாறிப் போயிடும்!

எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு முன்னாலே பேசின எதிரணித் தம்பி, ‘விளம்பரம் இல்லாமல் வியாபாரம் இல்லை, பேரு பரவணும்னா போன் வேணும்’ என்று மேசையைத் தட்டிப் பேசினார். தம்பி, நீங்க சாப்பிட்டுவிட்டு வந்தீங்களே பிரியாணி, அதையே கேட்டிருக்கலாமே! 1957ஆம் வருஷம் திண்டுக்கல்லிலே நாகசாமி நாயுடு ஒரு கடை போட்டார். போர்டிலே என்ன பேரு தெரியுமா? ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்’. அவர் எப்பவும் தலையிலே தலப்பாக் கட்டியிருப்பார். சாப்பிட்டவன் எல்லாம் ‘ஆனந்த விலாஸ்’ங்கிறதை மறந்துட்டான். ‘தலப்பாக்கட்டுக்காரர் கடைக்குப் போவோம்’னு கிளம்பிட்டான். முதலாளி வச்ச பேரு போர்டோடு போச்சு, சாப்பிட்டவன் வச்ச பேரு கடல் தாண்டிப் போச்சு. (கைதட்டல்) அந்தப் பேருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கே நடந்தது. அந்தப் பேரை எந்தப் போன் கொடுத்தது? சீரகச்சம்பா அரிசியும், கறிக்கு ஆடு பார்த்து வாங்கின கவனமும், ‘வாங்க, உட்காருங்க’ன்னு சொன்ன வாயும் கொடுத்தது.

நடுவர் அவர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கைபேசியைக் கிணற்றிலே போடுன்னு சொல்ல நாங்கள் வரவில்லை. 2016ஆம் வருஷம் யு.பி.ஐ. வந்த பிறகு, கீரைக் கட்டு விற்கிற ஆத்தாகூடக் கட்டம் கட்டமாக ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருக்கு. சில்லறை இல்லைன்னு மிட்டாய் கொடுக்கிற பழக்கமே போயிடுச்சு. நல்லதுதான். ஆனால் கேள்வி அது இல்லை. உயர்த்துவது எது? ஒருத்தன் கடன் வாங்கி, வீட்டு நகையை வச்சு, ஒரு சின்னத் தொழிலை ஆரம்பிச்சுட்டான். பத்து வருஷம் கழிச்சும் அந்தக் கடைக் கதவு திறந்திருக்கணும். திறந்து வைப்பது திரையா, மனுஷனா? அதுதான் கேள்வி.

விளம்பரம் ஏதோ நேத்துத்தான் வந்த மாதிரி தம்பி பேசினார். பட்டினப்பாலையைப் படிச்சா, காவிரிப்பூம்பட்டினத்திலே எங்கே பார்த்தாலும் கொடி. கோயிலிலே கொடி, கப்பலிலே கொடி, கள் விற்கிற கடையிலே கொடி. இன்னும் ஒரு கொடி இருந்தது ஐயா. பல நூல் கற்ற ஆசிரியர்கள், ‘எங்ககூட வாதம் பண்ண யாரு வர்றீங்க’ன்னு கட்டின கொடி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பட்டிமன்றக்காரன் ஸ்டேட்டஸ் போட்டுட்டான்! (பலத்த சிரிப்பு) ஆனால் அதே பட்டினப்பாலை, கொடியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த ஊர் வணிகன் எப்படிப்பட்டவன் என்றும் சொல்கிறது. வாங்கும்போது கூடுதலாக வாங்க மாட்டான், கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்க மாட்டான், தன் பொருளையும் பிறர் பொருளையும் ஒண்ணாகவே மதிப்பான். கொடி ஆளைக் கூப்பிடும். வந்த ஆள் திரும்பி வர்றதுக்குக் கொடி பத்தாது.

எதிரணியிலே சகோதரி ஒருவர் ‘நெட்வொர்க்கிங்’ என்றார். நல்ல வார்த்தை. தமிழிலே அதுக்குப் பேரு ‘நாலு பேரைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது’. நாலு பேரைத் தெரியாமல் போனால் என்ன ஆகும்னு சொல்றதுக்கு ஒரு காப்பியமே இருக்கே அம்மா! கோவலன் யாரு? ராஜாவா? மந்திரியா? வியாபாரி. புகார் நகரத்துப் பெரு வணிகன் மாசாத்துவான் பெற்ற பிள்ளை. இருந்ததை எல்லாம் தொலைச்சுட்டு, பெண்டாட்டி கால் சிலம்பை முதலாக வச்சு மறுபடியும் தொழில் பண்ணலாம்னு மதுரைக்கு வந்தான். இன்னைக்குப் பாஷையிலே சொன்னா, நகையை விற்றுத் தொழில் தொடங்க வந்த ஒரு சிறுதொழில் முனைவோன்.

வந்தவன் கவுந்தி அடிகள்கிட்டே என்ன சொல்லிவிட்டு ஊருக்குள்ளே போனான்? ‘இந்த ஊர் வணிகர்களைப் பார்த்து என் நிலைமையைச் சொல்லிவிட்டு வர்றேன், அதுவரைக்கும் கண்ணகியைப் பார்த்துக்கோங்க’ன்னு சொல்லிவிட்டுப் போனான். சரியான புத்தி! போனவன் என்ன செய்தான்? ஊர்காண் காதையைப் புரட்டிப் பாருங்க. கடைவீதியைப் பார்த்தான், ரத்தினக் கடையைப் பார்த்தான், பொன் கடையைப் பார்த்தான், துணிக் கடையைப் பார்த்தான், கணிகையர் வீதியை... அதையும் பார்த்தான். (சிரிப்பு) பார்த்துவிட்டுத் திரும்பி வந்துட்டான். நாம ராத்திரி படுத்துக்கிட்டு விரலாலே தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. கடைத்தெருவை எல்லாம் பார்த்தவன் ஒரு கடைக்காரன்கிட்டே நின்று பேசினதாகப் பாட்டு சொல்லவில்லை.

மறுபடி சிலம்பை எடுத்துக்கிட்டுத் தனியாகப் போகிறான். எதிரே பொற்கொல்லன் வருகிறான். அவன் யாரு, எப்படிப்பட்டவன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க இவனுக்கு ஒரு ஆள் இல்லை. ‘இந்தப் பையன் மாசாத்துவான் மகன், எனக்குத் தெரியும்’னு அரண்மனையிலே சொல்ல ஒரு வாய் இல்லை. எவ்வளவு பெரிய மதுரை! எத்தனை ஆயிரம் பேர் அவனைப் பார்த்திருப்பான்! பார்த்தவன் ஆயிரம், அறிந்தவன் ஒருத்தன் இல்லை. தலை போயிடுச்சே ஐயா! (கைதட்டல்)

அந்த மதுரையிலே இருந்து நம்ம பக்கத்து அய்யலூருக்கு வாங்க. வியாழக்கிழமை விடியற்காலையிலே சந்தை கூடுது. ஆடு, கோழி, கட்டுச் சேவல். தீபாவளிக்கு முந்தின வாரம் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. போட்டோ பார்த்து ஆடு வாங்குற ஆளை அங்கே எனக்குக் காட்டுங்க! பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான், முதுகைத் தடவிப் பார்ப்பான், தூக்கி எடை பார்ப்பான். அதுக்கும் மேலே, விற்கிறவன் மூஞ்சியைப் பார்ப்பான். ‘போன வாட்டி உன்கிட்டே வாங்கினது மூணாம் நாள் கழிச்சல்லே படுத்துடுச்சுப்பா’ன்னு சொல்லுவான். விற்கிறவன் ‘அப்படியாண்ணே, இந்த வாட்டி நூறு ரூபாய் குறைச்சுக் கொடு’ம்பான். முடிஞ்சது வழக்கு! இதையே இணையத்திலே வாங்கியிருந்தா ஒரு நட்சத்திரம் போட்டுட்டுப் போயிருப்பான். அடுத்த ஜென்மத்துக்கும் உறவு கிடையாது.

எதிரணியிலே பெரிய அம்பாக ஒண்ணு எடுத்து விட்டாங்க. ‘வில்லேஜ் குக்கிங் சேனல் தெரியுமா? சின்னவீரமங்கலம் தெரியுமா?’ன்னு கேட்டாங்க. தெரியும். புதுக்கோட்டை மாவட்டம். 2018இலே ஆரம்பிச்சாங்க. 2021இலே ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். ராகுல் காந்தியே வந்து பாயிலே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வருஷமே கொரோனா நிவாரணத்துக்கு முதலமைச்சர்கிட்டே 10 லட்சம் ரூபாய் கொடுத்தாங்க. எழுந்து நின்று கும்பிடலாம், நானும் கும்பிடுறேன்.

ஆனால் அந்தப் படத்திலே என்ன தெரியுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பெரியதம்பி தாத்தா. முன்னாலே விசேஷ வீடுகளுக்குச் சமையல் வேலை பார்த்தவர். கூட அவர் பேரப் பிள்ளைகள். விவசாயக் குடும்பம். வருஷத்திலே பாதி நாள் வயல் வேலை இருக்காது. அந்த வெறும் நாளிலே தாத்தா கையிலே இருந்த தொழிலைப் பேரன்கள் எடுத்தாங்க. சமைச்சதைக் கேமராவுக்குக் காட்டிவிட்டுக் கொட்டலை, ஊரிலே இருக்கிற முதியவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறினாங்க. கேமராவை விலைக்கு வாங்கலாம். சண்டை போடாமல் ஒண்ணாக நின்று ஒரே அண்டாவைக் கிண்டுற அண்ணன் தம்பிகளை எந்தக் கடையிலே வாங்குறது? (பலத்த கைதட்டல்) எங்க வீட்டிலே ஒரு தோசைக்கல்லுக்கே ரெண்டு கட்சி!

அந்தப் புதுக்கோட்டைச் சீமையிலேயே இன்னொரு சமாச்சாரம் உண்டு. மொய் விருந்து. தஞ்சாவூர் மாவட்டத்திலும் உண்டு. ஆடி, ஆவணி வந்தா பத்திரிகை அடிச்சு, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவாங்க. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. வர்றவங்க மொய் எழுதுவாங்க. அந்தப் பணத்தை வச்சு ஒருத்தன் கடை வைப்பான், ஒருத்தன் கிணறு வெட்டுவான். பாண்டு பத்திரம் கிடையாது. ஒரு நோட்டு மட்டும் உண்டு. எழுதினவன் விருந்து வைக்கிறப்போ வாங்கினவன் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுதணும். எழுதாதவன் ஊருக்குள்ளே தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பாங்கிலே மேனேஜர் ஆயிரம் காகிதம் கேட்கிற காலத்திலே, முகத்தை அடமானமாக வச்சு மூலதனம் திரட்டின ஜனங்க நம்ம ஜனங்க. சகோதரி சொன்ன நெட்வொர்க்கிங்கை அங்கே போய்ப் படிக்கணும்.

இப்போ ரெண்டு சமையற்கட்டைப் பக்கத்திலே பக்கத்திலே வச்சுப் பார்க்கலாம். ஒண்ணு டில்லியிலே, ஒண்ணு கோயமுத்தூர்ப் பக்கத்திலே.

டில்லி மாளவியா நகரிலே ‘பாபா கா டாபா’ன்னு ஒரு சின்னப் பெட்டிக்கடை. வயசான தம்பதிகள் நடத்தினாங்க. 2020 அக்டோபர், கொரோனாக் காலம். சமைச்சது சமைச்சபடி இருக்கு, ஆள் வரலை, பெரியவர் அழுகிறார். ஒருத்தர் அதை வீடியோ எடுத்துப் போட்டார். மறுநாள் காலையிலே கடை முன்னாலே கூட்டம் தாங்கலை. நாடே கண்ணீர் விட்டுச்சு. ரொம்பச் சந்தோஷம். டிசம்பரிலே அந்தப் பணத்தை வச்சுப் புதுசாக ஒரு ரெஸ்டாரண்டு திறந்தார். சமையல்காரர், பரிமாற ஆள், வாடகை எல்லாம் சேர்ந்து மாசச் செலவு ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது, வியாபாரம் 40,000 ரூபாயைத் தாண்டலைன்னு பத்திரிகைகளிலே வந்தது. 2021 பிப்ரவரியிலே மூடியாச்சு. பெரியவர் மறுபடி பழைய பெட்டிக்கடைக்கே வந்துட்டார். நான் அந்தப் பெரியவரைக் குறை சொல்லலை. கண்ணீரைப் பார்த்து வந்த கூட்டம் அடுத்த கண்ணீரைத் தேடிப் போயிடுச்சு. வந்தவன் எல்லாம் செல்பி எடுக்க வந்தான் ஐயா, பசிக்கு வரலை.

இன்னொரு அடுப்பு, கோயமுத்தூர் ஆலாந்துறைப் பக்கம் வடிவேலாம்பாளையம். கமலாத்தாள் பாட்டி. ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி. முப்பது வருஷமாக அந்தத் தொழில். 2019 செப்டம்பரிலே அவங்க விறகடுப்பிலே இட்லி சுடுற வீடியோவைத் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா எடுத்துப் போட்டு, காஸ் அடுப்பு வாங்கித் தர்றேன்னார். காஸ் இணைப்பும் கிடைச்சது. 2022 அன்னையர் தினத்திலே வீடும் கட்டிக் கொடுத்தாங்க. இங்கேயும் திரைதான் ஊருக்குக் காட்டுச்சு, மறுக்கலை. ஆனால் பாட்டி என்ன பண்ணினாங்க? பேரு பரவிடுச்சேன்னு இட்லியைப் பத்து ரூபாய் ஆக்கலை, கிளை திறக்கலை. 2020 ஊரடங்கிலே உளுந்து விலை ஏறினப்போகூட அதே ஒரு ரூபாய். ஏன்னா அவங்களுக்கு வாடிக்கைக்காரன் யாருன்னு தெரியும். கூலி வேலைக்குப் போறவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வீடியோ வர்றதுக்கு முப்பது வருஷம் முன்னாலேயே வந்தவன், வீடியோ போன பிறகும் வருவான்.

சரி, இன்னொரு கணக்கையும் பார்ப்போம். எதிரணியிலே ‘வாடகை இல்லாத கடை’ன்னு சொன்னாங்களே, அந்தக் கடை யாருடையது? 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. எல்லையிலே நடந்த சண்டைக்குப் பிறகு எடுத்த முடிவு, சரியா தப்பான்னு பேச வரலை. ஆனால் அந்த ஒரு ராத்திரியிலே, லட்சம் பேர் என்னைப் பின்தொடர்றாங்கன்னு படுத்தவன், காலையிலே எழுந்தா ஒருத்தன் இல்லை! ஒருத்தனுடைய போன் நம்பரும் இவன்கிட்டே இல்லை. அடுத்த வருஷம், 2021 அக்டோபர் 4ஆம் தேதி. ராத்திரி ஒன்பது மணி வாக்கிலே வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூணும் ஒண்ணாகப் படுத்துடுச்சு. ஏறக்குறைய ஆறு மணி நேரம். அன்னைக்குத்தான் பல வீட்டிலே புருஷன் பெண்டாட்டி பேசிக்கிட்டாங்கன்னு கேள்வி! (பலத்த சிரிப்பு) சிரிக்கிறோம், ஆனால் மறுநாள் காலைக்கு ஆர்டர் வாங்கி வச்சிருந்த கேக் கடைக்காரம்மாவுக்கு அது சிரிப்பு இல்லை. யாருக்கு எந்தக் கேக், எந்தத் தெருவுன்னு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளே. தனியாக ஒரு நோட்டிலே எழுதி வச்சவங்களுக்குப் பதட்டம் இல்லை.

‘ஆயிரம் பேர் என் பக்கத்தைத் தொடர்றாங்க’ என்பார்கள். நீங்க போடுற படம் அந்த ஆயிரம் பேர் கண்ணிலேயும் படுதா? படாது. பட வைக்கணும்னா காசு கட்டு என்பான். நம்ம ஆளுங்களையே நமக்குக் காட்டத் தரகு! இன்னொரு வேடிக்கை. வாட்ஸ்அப்பிலே ஒரே செய்தியைப் பல பேருக்கு அனுப்புற பட்டியல் ஒண்ணு இருக்கு. அந்தச் சாதாரணப் பட்டியலிலே அனுப்பினா, உங்க நம்பரை யார் தன் போனிலே பேர் போட்டு வச்சிருக்காரோ அவருக்குத்தான் போய்ச் சேரும். அதாவது அந்த இயந்திரமே கேட்குது, ‘இந்த ஆளு உனக்குப் பழக்கமா?’ன்னு. எங்க அணிக்கு ஆதரவாக இயந்திரமே சாட்சி சொல்லுது நடுவர் அவர்களே! (கைதட்டல்)

‘படைப்பாற்றல்’னு ஒரு சொல் இந்த மேடையிலே ரொம்ப அடிபட்டுச்சு. பாட்டு சேர்த்து, வீடியோவை வெட்டி ஒட்டுறதுதான் படைப்பாற்றலா? உண்மையான படைப்பாற்றல் ஒண்ணு சொல்றேன். 2018 ஆகஸ்டு, கேரளா வெள்ளம். எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலம், கைத்தறிக்குப் பேர் போன ஊர். ஓணத்துக்கு விற்க நெய்து வச்ச சேலை எல்லாம் சேற்றிலே ஊறிப் போச்சு. வெளுத்தாலும் கறை போகலை. எரிச்சுடலாம்னு இருந்தாங்க. அப்போ லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில்னு ரெண்டு பேர் வந்து, ‘எரிக்காதீங்க, கறையோடயே கொடுங்க’ன்னாங்க. துண்டு துண்டாக வெட்டிச் சின்னச் சின்னப் பொம்மை ஆக்கினாங்க. ‘சேக்குட்டி’ன்னு பேரு. 1,300 ரூபாய் விலை போகிற சேலையிலே 360 பொம்மை. ஒரு பொம்மை 25 ரூபாய். 9,000 ரூபாய் ஆச்சு! கறை இருந்ததால்தான் விலை. யோசிச்சுப் பாருங்க, குறையை ஒளிக்காமல் ‘இது எங்க ஊர் பட்ட பாடு’ன்னு காட்டின துணிச்சல். செய்தி பரவினது இணையத்திலேதான், நான் ஒத்துக்கிறேன். ஆனால் கறைத் துணியை அள்ளிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்திலேயும் ஆபீஸிலேயும் வட்டமாக உட்கார்ந்து பொம்மை கட்டிக் கொடுத்தது மனுஷக் கை. லைக் போட்ட விரல் வேற, நூல் கட்டின விரல் வேற.

கடைசியாகத் திண்டுக்கல்லுக்கு வர்றேன், இல்லாட்டி நீங்க விட மாட்டீங்க. திண்டுக்கல் பூட்டு! மாங்காய்ப் பூட்டுன்னா கோயில் கதவும் பழைய வீட்டு நெல்லுக் குதிரும் ஞாபகம் வருது. நாகல்நகரிலேயும் சுத்தியிருக்கிற கிராமங்களிலேயும் வீட்டுக்கு வீடு அரம் தேய்க்கிற சத்தம் கேட்ட காலம் ஒண்ணு. ஒவ்வொரு பூட்டுக்கும் உள்ளே தகட்டை உட்கார வச்சு, அதுக்கேத்த சாவியை ஆளே கையால் அறுத்து எடுப்பான். அலிகாரிலே இருந்து இயந்திரப் பூட்டு பாதி விலையிலே வந்து இறங்கினதும் தொழில் படுத்துடுச்சு. 2019இலே புவிசார் குறியீடு கொடுத்தாங்க. நல்ல கௌரவம். ஆனால் சான்றிதழைப் பூட்டிலே தொங்கவிட்டா விற்றுடுமா? அரம் பிடிக்கிற கையெல்லாம் வயசாகிப் போன கை. பையன்கள் வேற வேலைக்குப் போயாச்சு. இங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்குது ஐயா.

எதிரணி சொல்லும், ‘பூட்டைப் படம் எடுத்துப் போடுங்க’ன்னு. போட்டா என்ன ஆகும்? பக்கத்திலேயே நூறு ரூபாய்ப் பூட்டு பளபளன்னு நிற்கும். படத்திலே கனம் தெரியாது. சாவி திரும்புறப்போ ‘டக்’குனு ஒரு சத்தம் வருமே, அது தெரியாது. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையும் அப்படித்தான். நூலாலே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தின புள்ளிக்கும் அச்சு அடிச்ச புள்ளிக்கும் படத்திலே என்ன வித்தியாசம் தெரியும்? கையிலே எடுத்துத் தடவினாத்தான் முடிச்சு இருந்த இடம் சுருக்கமாகத் தட்டுப்படும். அதைத் தடவிக் காட்டி, ‘அக்கா, இந்த ஒரு புள்ளிக்கு ஒரு முடிச்சு, சேலை முழுக்க இப்படி ஆயிரக்கணக்கிலே’ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அப்படிச் சொல்லக் கேட்டு வாங்கின அக்கா, கல்யாண வீட்டிலே பத்துப் பேர்கிட்டே தடவிக் காட்டும்.

அதனாலே இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, வீட்டிலே ஊறுகாய் போட்டு விற்கிறீங்களா, துணி தைக்கிறீங்களா, ‘விளம்பரத்துக்குக் காசு கட்டினா ஒரே மாசத்திலே ஓகோன்னு ஆயிடலாம்’னு எவனாவது வந்து சொன்னா, கழுத்துச் சங்கிலியைக் கழற்றுறதுக்கு முன்னாலே நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. வாங்கினவங்க பேரு, தெரு, அவங்களுக்குக் காரம் கூடவா குறைச்சலா, எத்தனை தரம் திரும்பி வந்தாங்க, யார் சொல்லி வந்தாங்க. அந்த நோட்டிலே முப்பது பேர் ரெண்டாம் தரம் வந்த பிறகு போனைத் திறங்க. அப்போ என்ன படம் போடணும், என்ன சொல்லணும்னு அந்த முப்பது பேரே சொல்லிக் கொடுப்பாங்க. திரைக்குப் பின்னாடி ஒரு சரக்கும் ஒரு சொல்லும் இருந்தா அது கொடி. இல்லாட்டி வெறும் கம்பு.

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், தீர்ப்புக்குத் தயாராகிறார்னு அர்த்தம். இறங்கிப் போகிறப்போ தம்பிங்க சில பேர் செல்பி எடுக்க வருவீங்க. வாங்க, எடுத்துக்கலாம். ஆனால் அதுக்கு முன்னாலே உங்க பேரு என்ன, எந்தத் தெரு, என்ன தொழில்னு சொல்லணும். பையிலே நோட்டு வச்சிருக்கேன். (பலத்த கைதட்டல்)